நாற்காலிக்குப் பின்னால் நின்ற பிலேந்திரன்

ஒஸ்லோ நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு நாடகசாலையின் மீது எனக்குப் பல வருடங்களாக ஒரு கோபம் இருக்கிறது. எந்த நாடகசாலை என்று எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

உள்ளே போனதும் மேலங்கி கொழுவுகிற இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் ஒரு பெரிய கைப்பிடி நாற்காலி. அதில் கறுப்பு உடுப்போடு ஒரு பெண் சாய்ந்து கிடக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒருவன் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இன்னொருவன் கதவுப் பிடியில் கையை வைத்தபடி திரும்பிப் பார்க்கிறான். நாற்காலிக்குப் பின்னால், இருட்டு மூலையில், தலைப்பாகை கட்டிய ஒருவன் மயிலிறகு விசிறியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே பித்தளைத் தகட்டில் ‘இடமிருந்து வலம்’ என்று தொடங்கி மூன்று பெயர்கள். படத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரில்லாத ஆள் என் கூட்டாளி பிலேந்திரன். அவன் தலையில் இருப்பது என் கலியாணத் தலைப்பாகை.

ஒருமுறை போய்க் கேட்டேன். ரிக்கெற் கொடுக்கும் பிள்ளை மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். நடிகர்களின் பெயரை மட்டும்தான் போடுவார்களாம். அவன் நடிக்கவில்லையா என்று கேட்டேன். “அவர் நின்றார்” என்றாள். மூக்கில் ஈ வந்து குந்தினாலும் அசையாமல் நின்று பார்த்துவிட்டு, பிறகு அது நடிப்பா இல்லையா என்று அவள் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு நோர்வேஜியன் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் கெட்ட வார்த்தையோடுதான் வந்திருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

பிலேந்திரன் போன மாரியில், இங்கத்தைப் பனிக்காலத்தில், செத்துப்போனான். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் “ஆர், அந்த விசிறிக்காரனோ?” என்றுதான் கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பஸ் ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அவன் யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைப் பக்கம். நான் சைவம், அவன் வேதம், கத்தோலிக்கன். இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் ஒரே அறையில் இருந்தோம். அப்போது அவன் ஓர் இடத்தில் இருக்கமாட்டான். மீனை வெட்டிக்கொண்டே ஆடுவான், சோறு காய்ச்சும்போது கரண்டியால் சட்டியில் தாளம் போடுவான், படுத்துக்கொண்டும் காலை ஆட்டுவான். “நீ நித்திரையிலை கூட ஊருக்கு நடந்துபோறாய்” என்று நான் ஏசுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் அவனைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத கதை.

பிறகு இரண்டு பேரும் ஒஸ்லோவுக்கு வந்தோம். நான் பஸ்ஸில் ஏறினேன். அவன் துப்புரவு வேலைக்குப் போனான். கலியாணம் கட்டி, ஸ்டோவ்னரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் குடியிருந்தோம். அவன் மனைவி அருள்ராணி, ஒரே மகள் நிலூஜா. நாடகசாலையில் அவனுக்குக் காலை வேலை. ஆள் வராவிட்டால் கூப்பிடுவார்கள், போவான். அப்படியே வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நிரந்தரமாக்கவில்லை.

ஒரு நாள் பார்வையாளர் இருக்கும் கதிரைகளுக்கு இடையில் தூசி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது மேடையில் ஒத்திகை நடந்தது. நெறியாள்பவள் கரோலினா என்று ஒரு சுவீடன்காரி. கையில் ஒரு பழைய படத்தின் பிரதியை வைத்துக்கொண்டு நடிகர்களை அங்கே நில், இங்கே திரும்பு என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடிந்ததும் படத்தைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள்.

“ஒரு நிமிடம் வந்து அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்க முடியுமா?” என்று கேட்டாளாம்.

அவன் தூசி உறிஞ்சியின் வயரைக் கையில் பிடித்தபடியே போய் நின்றான். அந்த ஒரு நிமிடம் நாலு மாரிகாலம் நீண்டது.

நாடகம் என்னவென்றால், இங்கிலாந்தில் அந்தப் பழைய மகாராணி காலத்தில் ஒருவர் எழுதிய கதை. தலைப்பு என் நாக்கில் நிற்பதில்லை. ஒரு விதவை, அவளுடைய வீடு, வீட்டைப் பறிக்க வருகிற மைத்துனன், இரண்டு பக்கமும் கதைக்கிற வக்கீல். அந்தக் காலத்தில் கதை முழுப் புத்தகமாக வராதாம். மாதம் மாதம் துண்டு துண்டாக வரும், துண்டுக்கு ஒன்றோ இரண்டோ படம் இருக்கும். சனம் படத்தைப் பார்த்துத்தான் ஆட்களை மனதில் வைத்திருக்கும். கதை முடியுமுன்னமே நாடகக்காரர் அதை மேடையில் போட்டுவிடுவார்கள். காட்சி முடிகிற இடத்தில் நடிகர்கள் எல்லாரும் அந்தப் படத்தில் உள்ளது போலவே அசையாமல் நின்றுவிடுவார்களாம். பார்க்கிற சனம் “ஆ, போன மாதத்துப் படம்” என்று கண்டுபிடித்துக் கைதட்டும்.

கரோலினா அதைத்தான் திரும்பச் செய்தாள். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் மேலேயிருந்து பொன் நிறத்தில் ஒரு பெரிய படச் சட்டம் இறங்கி மேடைத் தரையில் குந்தும். அதற்குள் எல்லாரும் படமாகிவிடுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் படமாக நின்றால் போதும். பிலேந்திரன் மட்டும் காட்சி தொடங்கியதிலிருந்தே படம். அவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், கடிதத்தைக் கிழிப்பார்கள். அவன் பின்னால் நிற்பான். கால் வைக்கவேண்டிய இடத்தில் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள். அதைத் தாண்டக் கூடாது.

தலைப்பாகைக் கதையையும் சொல்லவேண்டும். உடுப்புத் தைக்கிறவர்கள் தொப்பி மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்கள். அது அவன் நெற்றியில் நில்லாமல் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்படியில் குந்திக்கொண்டு கேட்டான்.

“குலேந்திரன், உன்ர கலியாணத் தலைப்பா இருக்கோ?”

“ஏன், ரெண்டாம் கலியாணம் கட்டப் போறியோ?”

“முதலாம் கலியாணத்துக்கே கோட்டும் சூட்டும்தானே போட்டனான். தா, ஒருக்காப் போட்டுப் பாப்பம்.”

கொழும்பிலிருந்து வந்த தலைப்பாகை, முன்னால் கல்லு வைத்த பதக்கம். அலுமாரிக்கு மேலே பெட்டியில் கிடந்தது. எடுத்து அவன் தலையில் வைத்தேன். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. “கடைசியிலை ஒரு வேதக்காரனுக்குத் தலைப்பா கட்டிவிட்டன்” என்று நான் சிரித்தேன். என் மனைவி யோகராணி சிரிக்கவில்லை.

“தாலி கட்டேக்கை வைச்ச தலைப்பாவை அங்கை வேலைக்காரன் வேசத்துக்குக் குடுக்கிறியளோ?”

“மச்சாள், வேலைக்காரன் எண்டாலும் மாப்பிள்ளை மாதிரி நிப்பன்” என்றான் அவன்.

“மாப்பிள்ளையள் நிண்டதோடை சரி. பிறகு ஒருதரும் அசையிறேல்லை” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

கரோலினா அந்தத் தலைப்பாகையைப் பார்த்துவிட்டுப் படத்தில் உள்ளதேதான் என்று துள்ளினாளாம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துப் படத்தில் இருந்தது யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைத் தலைப்பாகை என்றால் நம்புங்கள். அவள் நம்பினாள்.

பிலேந்திரனுக்கு ஒரு விஷயம் அறியவேண்டியிருந்தது. இந்த ஆளுக்குக் கதையில் என்ன பெயர்? ஒரு நாள் கரோலினாவிடம் கேட்டான். அவள் சொன்ன பதிலை அன்றைக்கே வந்து என்னிடம் சொன்னான்.

“மச்சான், புத்தகத்திலை அந்த ஆளே இல்லையாம்.”

“பிறகு எப்பிடிப் படத்திலை?”

“படம் கீறினவன் போட்டதாம். நாற்காலிக்குப் பின்னாலை மூலை வெறுமையாய் இருந்ததாக்கும். அந்த நாளையிலை படம் கீறுறவங்கள் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துத்தான் கீறுவாங்களாம், ஆர் எப்பிடி விழுறது, எப்பிடி அழுறது எண்டு. அங்கை ஏதோ ஒரு நாடகத்திலை தலைப்பா கட்டின ஆளைக் கண்டிருப்பான் எண்டு கரோலினா நினைக்கிறா. அது ஆர் தெரியுமோ? வெள்ளைக்காரனாய்த்தான் இருக்குமாம். முகத்திலை கரி பூசிக்கொண்டு நிண்டிருப்பானாம்.”

“சரி.”

“என்ன சரி? கரி பூசின வெள்ளைக்காரனைப் பார்த்து ஒருத்தன் கீறினான். அந்தப் படத்தைப் பார்த்து இவ என்னை நிப்பாட்டியிருக்கிறா. இப்ப நான் அந்த வெள்ளைக்காரன் மாதிரி நிக்கவேணும்.”

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிய அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். “எழுதினவனுக்கே தெரியாத ஆள் மச்சான் நான்” என்றான்.

நாடகம் ஒரு மாரியோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். முடியவில்லை. சனம் அள்ளுப்பட்டு வந்தது. பத்திரிகையில் ஒருவர், பின்னால் நிற்கிற அந்தப் பேசாத மனிதன்தான் இந்த நாடகத்தின் மனச்சாட்சி என்று எழுதினார். மனச்சாட்சிக்கும் அவர் பெயர் போடவில்லை. சுரங்க ரயில் நிலையங்களில் எல்லாம் பெரிய விளம்பரம் ஒட்டினார்கள். ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்கு மரக்கறி வாங்கப் போன எங்கள் சனம் முழுக்க அதைக் கண்டது.

அதன் பிறகு அவனுக்கு ஓரிடத்திலும் நிம்மதி இல்லை. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனால் “பிலேந்திரன், புழுக்கமாய்க் கிடக்கு, ஒருக்கா விசிறிவிடு” என்பார்கள். பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது, எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பெரிய ஆளான ரவீந்திரன் என்பவர் வழிமறித்தார்.

“எங்கட பிள்ளையள் இஞ்சை டொக்டர், எஞ்சினியர் எண்டு வந்திட்டுதுகள். நீர் போய் வெள்ளைக்காரிக்குப் பின்னாலை விசிறி பிடிக்கிறீர். எங்களையெல்லோ அவையள் அப்பிடிப் பாக்கப் போகினம்.”

“அண்ணை, நீங்கள் வந்து பாருங்கோ” என்றான் பிலேந்திரன். “முன்னாலை நிக்கிற மூண்டு பேரும் கதைச்சுக் கதைச்சே அழிஞ்சு போகினம். வாயை மூடிக்கொண்டு தப்பி நிக்கிறது நான் மட்டும்தான்.”

வாயால் அப்படிச் சொன்னானே தவிர, மனதில் தைத்துவிட்டது. அடுத்த கிழமையே கரோலினாவிடம் போய், தன்னை விட்டுவிடும்படி கேட்டான். அவள் ஆடிப்போனாள். படத்தில் ஓர் ஆள் குறைந்தால் படமே இல்லை என்றாள். மேலிடத்தில் கதைத்தாள். இரண்டு கிழமையில் அவனுக்கு நிரந்தர வேலை வந்தது. பாதி துப்புரவு, பாதி நிற்பது. வருடக்கணக்காக அவன் கேட்டுக் கிடைக்காதது, வேண்டாம் என்று சொல்லப் போன இடத்தில் கிடைத்தது. நிரந்தர வேலை என்றதும் வங்கி கடன் தந்தது. வாடகைக்கு இருந்த வீட்டை வாங்கினார்கள். அருள்ராணி அழுதாள், நிலூஜாவுக்குத் தனி அறை கிடைத்தது.

“இனி எப்பிடியடா விடுறது?” என்று என்னைக் கேட்டான். “நாடகத்தை விட்டால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். என்னை வைச்சுச் சட்டம் அடிச்சுப் போட்டாங்கள்.”

“ஒரு வசனம் எண்டாலும் கேள்” என்றேன் நான்.

“கேட்டனான். புத்தகத்திலை இல்லையாம்.”

“தலையையாவது திருப்பு.”

“படம் திரும்பாதாம்.”

மூன்றாம் மாரியில் ஒரு மாற்றம் வந்தது. கரோலினா மற்ற நடிகர்களுக்கு முன்னால் அவனைப் புகழத் தொடங்கினாள். முதல் வருடம் கண் இமைத்தானாம், தோள் அசைந்ததாம். இப்போது கல்லாகவே மாறிவிட்டானாம். இவரைப் பார்த்துப் படியுங்கள் என்றாளாம். அவனுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் வேறு கதை. “இஞ்சை பாருங்கோ அண்ணை” என்று அருள்ராணி என்னிடம் முறைப்பட்டாள். “நாடகத்தை வீட்டுக்கும் கொண்டு வாறார். தேத்தண்ணியை வைச்சால் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நான் பகிடி சொன்னாலும் முகத்திலை ஒரு சிரிப்பில்லை. குசினி வாசலிலை வந்து அப்பிடியே நிக்கிறார். விலத்துங்கோ எண்டால் விலத்துறேல்லை. அங்கை காசு தாறாங்கள், நில்லுங்கோ. இஞ்சை ஏன் நிக்கிறியள்?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் தெரியவில்லை.

விசிறியை ஒரு கையால் பிடித்தவன் இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினான். மயிலிறகு பொல்லாத சாமான். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தையும் நுனியில் காட்டிக்கொடுத்துவிடும். மேடைக்கு வருகிற காற்று என்று கரோலினாவிடம் சொன்னான். அவள் இரண்டு கதவுகளை மூடச் சொன்னாள்.

நாலாம் மாரியில் நாடகத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். அவனுக்குத் துப்புரவு வேலை முழு நேரமாகத் தொடரும் என்று கையெழுத்தும் ஆகிவிட்டது. கதவு திறந்ததுபோல் இருந்தது. கடைசிக் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அதற்கு முதல் கிழமை என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், கட்டடத்துக்குக் கீழே வைத்துச் சொன்னான்.

“அருளுக்குச் சொல்லாதை. கடைசிப் படத்திலை சட்டம் இறங்கும். எல்லாரும் நிப்பினம். நான் நிக்கமாட்டன். விசிறியை அந்த விதவையின்ர மடியிலை வைச்சிட்டு, சட்டத்தைத் தாண்டி முன்னுக்கு வந்து, சனத்தை ஒருக்காப் பார்த்திட்டு நடந்துபோவன்.”

“ஏசுவாங்கள்.”

“ஏசட்டும். பிறகு என்னைக் கல்லு எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. என்ர காலாலை வெளியிலை வரவேணும் மச்சான். வேற ஒண்டும் வேண்டாம்.”

என் தலைப்பாகையையும் அதோடு கழற்றிக்கொண்டு வரச்சொன்னேன். சரி என்றான்.

கடைசிக் காட்சியன்று நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம். அருள்ராணி, நிலூஜா, யோகராணி, நான். நிலூஜா அப்போது தாதிப் படிப்பில் இரண்டாம் வருடம். நாடகம் எனக்குப் பாதி விளங்கவில்லை. நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விதவை நாற்காலியில் விழுந்தாள். மைத்துனன் விரலை நீட்டினான், வக்கீல் கதவடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். மேலேயிருந்து சட்டம் இறங்கியது.

இப்போது வருவான் என்று நான் கதிரை நுனிக்கு வந்தேன்.

அவன் வரவில்லை. வெளிச்சம் அப்படியே இருந்தது. அந்த மூலையில் விசிறி மட்டும் ஆடியது. முதலில் நுனி, பிறகு முழு இறகும் காற்றில் அகப்பட்டதுபோல் ஆடியது. அவனுடைய கண் நேரே என்னைப் பார்த்தது. முகத்தில் ஒன்றுமில்லை. உள்ளே ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. திரை விழுந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. பக்கத்திலிருந்த ஒரு நோர்வேக்காரக் கிழவி என் தோளில் தட்டி, “கடைசியில் விசிறியை மட்டும் ஆட்டினாரே, எவ்வளவு அழகு” என்றாள்.

வெளியே வரும்போது தலைப்பாகை அவன் கையில் இல்லை. கழற்றி எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டார்களாம். இரண்டு பேரும் பின்னால் நடந்தோம்.

“பயந்திட்டியோ?” என்றேன்.

“பயமில்லை. போ எண்டு சொன்னன். கால் வரேல்லை. டேப்பிலை ஒட்டி வைச்சமாதிரி.”

ரயிலில் ஏறினோம். ஸ்டோவ்னர் வந்தது, கதவு திறந்தது. பெண்கள் இறங்கினார்கள். பிலேந்திரன் கதவடிக்கு வந்தான், வாசலில் நின்றான். அப்படியே நின்றான். பின்னால் நின்றவர்கள் அவனை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். மேல் உடம்பு வந்தது, கால் வரவில்லை, இரண்டு பேரும் விழப் பார்த்தோம். “நாடகம் முடிஞ்சுது, இறங்குங்கோப்பா” என்று ரயில் மேடையில் நின்று அருள்ராணி கத்தினாள். நிலூஜா மட்டும் கத்தவில்லை. தகப்பனின் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பாய்ந்து திரும்பவும் உள்ளே ஏறினாள். கதவு மூடிவிட்டது.

அடுத்தது வெஸ்ட்லி, கடைசி நிலையம். அதுவரைக்கும் அவள் தகப்பனின் பெருவிரல் ஆடுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெஸ்ட்லியில் கதவு திறந்ததும் தன் பாதத்தை அவனுடைய காலுக்கு முன்னால் குறுக்காக வைத்தாள்.

“அப்பா, வாசலைப் பாக்காதேங்கோ. என்ர காலுக்கு மேலாலை கடவுங்கோ.”

அவன் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தான். காலைத் தூக்கினான், கடந்தான். ஒன்றுமே நடக்காததுபோல் நடந்து போனான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலூஜா அங்கேயே வாங்குப் பலகையில் குந்தி அழுதாள்.

பார்கின்சன் என்று வைத்தியர் நோய்க்குப் பெயர் சொன்னார். முகம் சிரிக்காமல் போனது, கண் இமைக்காமல் போனது, குசினி வாசலில் நின்றது எல்லாம் அதுதான். கரோலினா புகழ்ந்ததும் அதைத்தான். அதைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “அப்ப கெட்டிக்காரன் நானில்லை, இந்த வருத்தம்தான்.”

பிறகு வந்த வருடங்களைப் பற்றி நிறைய எழுத ஆசையில்லை. வேலையை விட்டான். மருந்து வேலை செய்கிற நேரத்தில் பழைய பிலேந்திரனாகக் காலால் தாளம் போடுவான். மருந்தின் வேகம் இறங்கியதும் திரும்பவும் படம். அருள்ராணி முடிந்தவரைக்கும் வீட்டில் வைத்துப் பார்த்தாள். நாடகத்தை வீட்டுக்குக் கொண்டு வருகிறார் என்று ஏசியதை நினைத்து ஏசியதைவிடக் கூட அழுதாள். கடைசியில் எல்லிங்ஸ்ருட் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது.

அங்கே காலையில் குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டு, யன்னலடியில் ஒரு நாற்காலியில் வைப்பார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லமாட்டேன். நான் போகும் நாளெல்லாம் அதே யன்னல், அதே பக்கம், அதே கை மடியில். “இப்ப எனக்குப் பின்னாலை ஒருத்தன் விசிறியோடை நிக்கவேணும்” என்பான். குரலும் சுருங்கிப்போய்விட்டது. காதை வாயடிக்குக் கொண்டுபோனால்தான் பகிடி கேட்கும்.

அங்கே நடக்கப் பழக்கும் ஒரு பெண் இருந்தாள். நிலூஜா சப்பாத்தை வைத்த வித்தையையே அவள் வேறு விதமாகச் செய்தாள். கட்டிலடியிலிருந்து அறைக் கதவுவரைக்கும் தரையில் குறுக்குக் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டிவிட்டாள், ஏணிப்படி மாதிரி. வெறும் தரையில் அவனுக்குக் கால் எழும்பாது. கோடு கிடந்தால் ஒவ்வொன்றாகத் தாண்டுவான். நாலு மாரி ஒரு டேப்பைத் தாண்டாதே என்று நிற்கவைத்த மனிதனை டேப்பைத் தாண்டச் சொல்லி நடக்கவைத்தார்கள். முதல் நாள் அவன் கட்டிலிலிருந்து கதவடிக்கு வந்ததை நான் கண்டேன். முகத்தில் வழக்கம்போல் ஒன்றுமில்லை. கையை என் நெஞ்சில் வைத்து மூன்றுதரம் தட்டினான். மீன் தொழிற்சாலையில் சட்டியில் போட்ட தாளம் அது.

ஆனால் கதவோடு கோடு முடிந்தது. வெளியே, அறைகளுக்கு நடுவில் ஓடும் நடைபாதையில் ஒட்ட விடவில்லை. மற்றக் கிழடுகள் கோட்டைப் பார்த்துத் தடக்கி விழுந்துவிடும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். அதனால் அவன் கட்டிலிலிருந்து கதவுக்கு வருவான், கடைசிக் கோட்டில் நிற்பான், திரும்புவான். தெரியாத ஒருவர் நடைபாதையால் போனால், திறந்த கதவுச் சட்டத்துக்குள் ஓர் ஆள் அசையாமல் நிற்பது தெரியும்.

நான் கடைசியாகப் போன நாளிலும் அங்கேதான் நின்றான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் பஸ் உடுப்போடு போயிருந்தேன். என்னைக் கண்டதும் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

“தலைப்பா தந்தாங்களோ?”

“இல்லையடா. அது அங்கைதான் மாப்பிள்ளையாய்க் கிடக்கு.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். நான் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். வரமாட்டேன் என்பதுபோல் என் கைச்சட்டையைப் பிடித்துக்கொண்டான். கண் நடைபாதையின் அடுத்த அந்தத்தில் இருக்கும் லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அடுத்தமுறை வரேக்கை டேப் ஒண்டு கொண்டு வா” என்றான். “முழு ரோல். இவையள் கதவடியோடை நிப்பாட்டிப் போட்டினம். நீ அங்காலை ஒட்டு. லிஃப்டடி வரைக்கும் ஒட்டு.”

“பிடிச்சு ஏசுவாங்களடா.”

“ஏசினால் நான் சொன்னனான் எண்டு சொல்லு. ஆர் எண்டு கேட்டால் என்ர முழுப்பேரையும் சொல்லு.”